உன் பெயருக்குள் இருக்கும் தெற்கு

கோபே
2025 செப்டம்பர் 14

அன்பு மகள் மினாவுக்கு,

நேற்று நீ கோபத்தோடுதான் தொலைபேசியை வைத்தாய். குடும்பப் பதிவேட்டுக்காக நகராட்சியிலிருந்து வந்த அறிவிப்பு அட்டையில் உன் பெயரின் வாசிப்பு, அதாவது உச்சரிப்பு, ‘மினாமி’ என்று அச்சாகியிருக்கிறதாம். “பள்ளியிலிருந்தே எல்லாரும் அப்படித்தான் வாசிக்கிறார்கள், விட்டுவிடட்டுமா?” என்றாய்.

இதுவரை ஜப்பானின் குடும்பப் பதிவேட்டில் பெயரின் எழுத்து மட்டும்தான் இருந்தது. இங்கே ஒரே எழுத்தைப் பல விதமாக வாசிக்கலாம் என்றாலும், அதை எப்படி வாசிப்பது என்று சட்டம் கேட்டதேயில்லை. இந்த மே 26 முதல்தான் வாசிப்பையும் பதிகிறார்கள். பிழையிருந்தால் அடுத்த மே 25-க்குள் தெரிவிக்க வேண்டும். பேசாமல் இருந்தால் அட்டையில் உள்ளதே ஏறிவிடும்.

நீ பிறந்தபோது பதிவுக்கு 14 நாள் அவகாசம் இருந்தது. ஆனால் ஏழாம் நாள் இரவு பெயரைத் தூரிகையால் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும் என்றார் உன் ஜப்பானியப் பாட்டி, ஒபாச்சான். ஆறாம் நாள் வரை வீட்டில் இழுபறிதான். மதுரையிலிருந்து அப்பத்தா, மீனாட்சி தவிர வேறு பெயர் வைத்தால் பேசமாட்டேன் என்று போனில் சொல்லிவிட்டார். அதைக் குறுக்கி ‘மினா’ என்றேன். ஒபாச்சான் சிரித்துவிட்டார். ஜப்பானிய மொழியில் அதற்கு ‘எல்லாரும்’ என்று பொருளாமே!

ஒலி என்னுடையது, எழுத்துகளைத் தேடியவள் உன் அம்மா. ‘மி’க்கு ‘அழகு’ என்று பொருள்படும் எழுத்து. உற்றுப் பார், மேலே ஆடு, கீழே ‘பெரிய’. பெரிய ஆடு எப்படி அழகாகும் என்று கேட்டேன். “கொழுத்த ஆடு வீட்டு வாசலில் நின்றால் உங்களுக்கு அழகாகத் தெரியாதா?” என்றார் ஒபாச்சான். ‘ந’வுக்குப் பெரும்பாலும் நாரா நகரின் பெயரில் வரும் எழுத்தைத்தான் வைப்பார்கள். அம்மா அதை ஒதுக்கிவிட்டுத் ‘தெற்கு’ என்ற எழுத்தை எடுத்தாள். ‘மினாமி’ குழப்பத்துக்கு வேர் இதுதான். தெற்குக்குத் தனியாகவே ‘மினாமி’ என்றுதான் பெயர். ஆனால் ‘ந’ என்ற வாசிப்பு அவள் கற்பனையில்லை. காலையில் ஒபாச்சான் புத்தர் பீடத்தின் முன் முணுமுணுக்கும் ‘நமு’வின் முதல் எழுத்து அது. ‘நமு’ வேறொன்றுமில்லை, நம் ‘நமோ’தான்.

ஒபாச்சான் ஒவ்வொரு எழுத்திலும் உள்ள கோடுகளை எண்ணிப் பார்த்தார், நம் ஊரில் எண்சோதிடம் பார்ப்பது போல. இரண்டு எழுத்துக்கும் ஒன்பது ஒன்பது. பிறகுதான் மை அரைத்தார். அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ‘தெற்கு’ என்ற எழுத்தின் கீழ்ப்பக்கம் மை சற்றே கசிந்திருக்கும். (பெயருக்கு அனுமதிக்கப்பட்ட எழுத்துகளின் பட்டியலில் 2004-இல் ஸ்ட்ராபெரியையும் சேர்த்தார்கள். நல்லவேளை, அதற்கு முன்பே நீ பிறந்துவிட்டாய். உன் அம்மாவை நம்ப முடியாது.)

என் பெயரை இங்கே கத்தகானா என்ற ஒலியெழுத்தில்தான் எழுதுகிறார்கள். அதில் ஒலி உண்டு, பொருள் கிடையாது. குடும்பப் பதிவேட்டிலும் வெளிநாட்டவனான எனக்குத் தனி இடமில்லை, உன் அம்மாவின் திருமணக் குறிப்பில் ஒரு வரி அவ்வளவுதான். “நீங்கள் தெற்கிலிருந்து வந்தவர், அதனால்தான் இந்த எழுத்து” என்று அம்மா என்னிடம் சொன்னது நீ பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகுதான்.

படிவத்தில் நீ எழுத வேண்டியது கத்தகானாவில் ‘மி’யும் ‘ந’வும். ஐந்தே கோடு. ‘மினாமி’யே இருக்கட்டும் என்று நீ முடிவுசெய்தாலும் நான் தடுக்கமாட்டேன். ஆனால் அப்பத்தாவுக்கு நீதான் போன் செய்து சொல்ல வேண்டும்.

அன்புடன்,
அப்பா