"தயாரானதும் வெளியிடுவோம்" என்று சொல்லும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நமது திறமூல மென்பொருள் திட்டத்தின் வெளியீட்டுக் குழுவுக்கு,

வணக்கம். நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். அடுத்த பதிப்பு எப்போது என்று யார் கேட்டாலும் "தயாரானதும்" என்பதுதான் உங்கள் பதில். அதைக் கைவிட்டு, ஆறு மாதத்துக்கு ஒரு ரிலீஸ் என்று தேதியை முன்கூட்டியே அறிவியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சம்பளம் வாங்காமல் வேலை செய்பவர்களிடம் தேதி கேட்பது நியாயமா என்பீர்கள். இந்தத் தேதிக்குள் இந்த வசதியை முடித்துக் கொடு என்று கேட்டால் நியாயமில்லைதான். நான் கேட்பது அது இல்லை. அந்தத் தேதியில் எது முடிந்திருக்கிறதோ அது போகட்டும், முடியாதது அடுத்ததில் வரட்டும். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

இப்போது என்ன நடக்கிறது பாருங்கள். ஃப்ரீஸ் (ரிலீசுக்கு முன் புதியவற்றைச் சேர்ப்பதை நிறுத்தும் கட்டம்) வரப்போகிறது என்று காற்றுவாக்கில் சேதி வந்தாலே போதும், அரைவேக்காட்டு பேட்சுகள், அதாவது கோடு மாற்றங்கள், எல்லாம் எல்லோருடைய கோடும் சேரும் மெயின் பிராஞ்சில் வந்து விழுகின்றன. அனுப்புகிறவர்களைக் குறை சொல்லவும் முடியாது, அடுத்த பஸ் எப்போது என்று தெரியாவிட்டால் எல்லோரும் இதிலேயேதான் தொங்குவார்கள். விழுந்ததைச் சரிசெய்ய ரிலீஸ் தள்ளிப் போகிறது, தள்ளிப் போன சந்தில் இன்னும் நாலு பேட்ச் நுழைகிறது, அவை புதிய பக்குகளை (பிழைகளை) கொண்டு வருகின்றன, அதற்காக மறுபடி தள்ளிப் போகிறது. யாரும் சோம்பேறி இல்லை, ஆனாலும் வருடம் ஓடிவிடுகிறது.

பெரிய திட்டங்களும் இதில் மாட்டியவைதான். டெபியன் என்ற லினக்ஸ் டிஸ்ட்ரோவின் (லினக்ஸை மற்ற மென்பொருள்களோடு சேர்த்துக் கொடுக்கும் தொகுப்பு) 3.0 பதிப்பு வந்தது 2002 ஜூலையில், 3.1 வந்தது 2005 ஜூனில், ஏறக்குறைய மூன்று வருட இடைவெளி. டெபியன் இன்றும் "தயாரானதும்" என்றுதானே சொல்கிறது என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சொல்கிறது, ஆனால் ஃப்ரீஸ் எப்போது என்பதை முன்பே அறிவித்துவிட்டு, சுமார் இரண்டு வருடத்துக்கு ஒரு பதிப்பு கொடுத்துவிடுகிறது. நாம் பிடித்துக்கொண்டிருப்பது அதன் பழைய பழக்கத்தை. இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலும் 2.4-இலிருந்து 2.6-க்குப் போக மூன்று வருடம் எடுத்தது, இப்போதோ ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு. புதியவற்றைச் சேர்க்க இரண்டு வாரம், மிச்ச வாரங்கள் பக் திருத்த. அந்த இரண்டு வாரத்தைத் தவறவிட்டவர் அடுத்த முறைக்குக் காத்திருக்கிறார், அவ்வளவுதான்.

படம் திருத்தும் மென்பொருளான கிம்ப்பின் கதை நமக்கு இன்னும் நெருக்கம். 2.8 வந்தது 2012-இல், 2.10 வந்தது 2018-இல். ஆறு வருடம்! அதற்குப் பிறகுதான் 2.10.x சிறு பதிப்புகளிலேயே புதிய வசதிகளையும் விடலாம் என்று முடிவெடுத்தார்கள். இந்த மாதிரி இடைவெளியில் அதிகம் அடிபடுவது புதிதாக வருபவர்கள். ஒருவர் ஆசையாக முதல் பேட்ச் அனுப்புகிறார், நீங்களும் பாராட்டி ஏற்றுக்கொள்கிறீர்கள், அது ஒரு பயனரின் கணினிக்குப் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு வேறு வேலை வந்துவிடுகிறது. பக் சொல்ல வருபவருக்கு "அது மெயின் பிராஞ்சில் சரியாகிவிட்டது" என்று பதில் போடுகிறோம். அவர் அதை வைத்து என்ன செய்வார்?

சரி, அப்படியானால் மாதம் ஒன்று விடுவோமே என்று நம்மில் ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. அவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஃபயர்ஃபாக்ஸ் 2011-இல் ஆறு வாரச் சுழற்சிக்கு மாறியபோது அலுவலகங்களில் அதைப் பராமரிப்பவர்கள் மூச்சுத் திணறினார்கள், அதனாலேயே 2012-இல் நீண்ட ஆதரவுப் பதிப்பு என்று தனியாக ஒன்று தொடங்க வேண்டி வந்தது. அவர்களிடமாவது சம்பளத்துக்கு ஆட்கள் உண்டு. நான் மொழிபெயர்ப்புப் பக்கம் இருப்பவன், எங்கள் பாட்டைச் சொல்கிறேன். கோடு எழுதுபவர் ஒரு பொத்தானின் பெயரை மாற்ற ஒரு நிமிடம் போதும், அதை எல்லா மொழிக்காரர்களும் தேடிப்பிடித்து மாற்ற வேண்டும், அதுவும் கிடைக்கிற விடுமுறை நாளில். வாசகங்களைத் தொடக்கூடாது என்று ரிலீசுக்கு முன் மூன்று வாரமாவது கிடைத்தால்தான் மெனு பாதி ஆங்கிலம் பாதி நம் மொழி என்று நிற்காது. மாதம் ஒரு ரிலீஸ் என்றால் அந்த மூன்று வாரம் போக கோடு எழுதவே நேரம் இருக்காது. ஆவணம் எழுதுபவர்கள், டிஸ்ட்ரோக்களுக்குப் பேக்கேஜ் செய்பவர்கள் நிலையும் இதுதான்.

பாதுகாப்புத் திருத்தம் மட்டும் எந்தத் தேதிக்கும் காத்திருக்கக் கூடாது, தயாரான அன்றே போக வேண்டும். மற்ற பக் திருத்தங்களுக்கு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளக்காரர்களின் வழி நல்ல வழி: பெரிய பதிப்பு வருடத்துக்கு ஒன்று, சிறு பதிப்புகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, தேதி முன்பே தெரியும். ஆனால் அவர்களைப் போல ஒவ்வொரு பதிப்புக்கும் ஐந்து வருட ஆதரவு நம்மால் ஆகாது. கடைசி இரண்டு பதிப்பு, அதோடு நிறுத்திக்கொள்வோம்.

அப்புறம், ரிலீஸ் வேலை முழுவதும் ஒரே ஆள் தலையில் இருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. கோப்புகளைச் சுருக்கும் மென்பொருளான எக்ஸ்இசட் விவகாரம் நினைவிருக்கும். தனி ஆளாகப் பராமரித்தவரை ஏன் இவ்வளவு தாமதம் என்று நச்சரித்தார்கள், உதவ வந்தவர் மெல்ல ரிலீஸ் பொறுப்பையும் வாங்கிக்கொண்டார், 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0-இல் பின்கதவு (ரகசியமாக உள்ளே நுழையும் வழி) இருந்தது. அதை இயக்கிவிடும் துண்டு கோடு சேமிக்கப்படும் கிட் களஞ்சியத்தில் இல்லை, ரிலீசுக்காகக் கோடை மொத்தமாகக் கட்டி வெளியிட்ட தார் கோப்பில் மட்டும் இருந்தது. எனவே நம் தார் கோப்பை ஒரு ஸ்கிரிப்ட் உருவாக்கட்டும், இன்னொருவர் அதே ஸ்கிரிப்டை ஓட்டி ஒப்பிட்டுப் பார்க்கட்டும், பொறுப்பு ஒவ்வொரு ரிலீசுக்கும் கை மாறட்டும்.

தேதி தவறினால் தலை போய்விடாது. உபுண்டு என்ற டிஸ்ட்ரோவின் 6.06 பதிப்பு ஏப்ரலில் வரவேண்டியது, ஜூனுக்குத் தள்ளிப்போனது, அதற்கு அடுத்தது வழக்கம்போல அக்டோபரிலேயே வந்துவிட்டது.

என் பரிந்துரை பிப்ரவரியும் ஆகஸ்டும். உபுண்டு, ஃபெடோரா ஆகிய டிஸ்ட்ரோக்களின் பதிப்புகள் ஏப்ரல், அக்டோபர் வாக்கில் வருவதால் அவர்கள் புதியவற்றுக்குக் கதவை மூடுவதற்குள் நம்முடையது கைக்குப் போய்விடும். ஒத்துக்கொண்டீர்கள் என்றால் வாசக ஃப்ரீஸ் தேதிகளைப் போட்டு முதல் அட்டவணையை நானே எழுதி அனுப்புகிறேன், அடித்துத் திருத்துங்கள்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்புக் குழுவில் ஒருவன்