அந்த நீலத்தைத் தீட்டியது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பழைய பேஸ்பால் அட்டைகளை இன்றைய ஓவியர்கள் புதிதாக வரைவது குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடுதான் பிரித்தேன். 'இந்த விளம்பரத் துண்டுகளின் மீது இப்போதுதான் முதன்முறையாகக் கலைஞனின் கை பட்டிருக்கிறது' என்ற வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. தங்கள் பார்வைக்கு வந்த பிறகுதான் அது அச்சேறியிருக்கும் என்பது கூடுதல் வருத்தம்.

தாங்கள் அறியாததல்ல. பபிள்கம் நிறுவனமான டாப்ஸின் 1952ஆம் ஆண்டு அட்டைகளை, அதன் ஊழியர் சை பெர்கர் நியூயார்க்கின் புரூக்ளினில் தம் வீட்டுச் சமையலறை மேசையில் வைத்து, காகித அட்டையும் கத்தரிக்கோலுமாக உருவாக்கினார். அவருடைய சக ஊழியர் வுடி கெல்மன் உடனிருந்தார். கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களுக்கு யார் யாரோ கையால் வண்ணம் ஏற்றினார்கள். மட்டையைத் தோளில் சாய்த்து நிற்கும் நட்சத்திர வீரர் மிக்கி மேண்டிலுக்குப் பின்னால் விரியும் அந்த நீலம் கலைஞனின் கை அல்லாமல் வேறென்ன? அந்த 1952 அட்டையை மேண்டிலின் முதல் அட்டை என்று வேறு கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். 1951லேயே போமன் நிறுவனம் அவருக்கு அட்டை போட்டுவிட்டது. 2022இல் அந்த 1952 அட்டை ஒன்று 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது மட்டும் கொட்டை எழுத்தில்! தங்கள் இதழில் என்றுமே விலை வருகிறது, ஆட்டக்காரர் வருவதில்லை. 755 ஹோம் ரன் அடித்த ஹாங்க் ஆரன் மறைந்தபோது ஒரு மூலையில் நாலு வரி போட்டீர்கள். அப்போதே எழுதியிருக்க வேண்டும், பொறுத்துக்கொண்டேன்.

நான் பிட்ஸ்பர்கில் வசிக்கிறேன். இங்கே ஒரு பழைய பொருள் சந்தையில் வாங்கிய 1969ஆம் ஆண்டு அட்டை என்னிடம் உள்ளது. நான்கு மூலைகளும் மழுங்கி, பின்புறம் பபிள்கம் கறை. முன்புறத்தில் 'பாப் கிளெமென்டே' என்று அச்சாகியிருக்கிறது. போர்ட்டோ ரிக்கோவில் பிறந்த, இவ்வூர் அணியின் நட்சத்திரம் ரொபெர்ட்டோ கிளெமென்டேயின் பெயரை அமெரிக்கர் வாய்க்குத் தோதாக வெட்டியிருக்கிறார்கள். 1955 அட்டையில் சரியாகவே இருந்த பெயர் அது! ஜோஷ் கிப்சனுக்கு அந்த அட்டைகூட வாய்க்கவில்லை. இதே ஊர் அணிகளில் ஆடிய மாபெரும் ஹோம் ரன் வீரர். கறுப்பர் என்பதால், உச்சநிலைப் போட்டியான மேஜர் லீகின் கதவு அவருக்குத் திறக்கவே இல்லை. 1947 ஜனவரியில், 35 வயதில் இறந்தார். அதே ஏப்ரலில்தான் ஜாக்கி ராபின்சன் நவீன மேஜர் லீகின் முதல் கறுப்பின வீரராகக் களமிறங்கினார். கிப்சன் உயிரோடிருந்தவரை எந்தப் பெரிய அமெரிக்க நிறுவனமும் அவருக்கு அட்டை அச்சிடவில்லை. 2024இல், கறுப்பர்களுக்கென்று தனியாக நடந்த நீக்ரோ லீக் கணக்குகளையும் மேஜர் லீக் சேர்த்த பிறகு, .372 மட்டைச் சராசரியுடன், அதுவரை முதலிடத்தில் இருந்த டை காபையே முந்தி நிற்கிறார் கிப்சன். புதிதாக வரைவதென்றால் இவரையல்லவா முதலில் வரைய வேண்டும்? 2020இல் டாப்ஸ் 20 ஓவியர்களைக் கொண்டு 20 அட்டைகளை 400ஆக மாற்றி வரையவைத்தபோதும், ஏற்கெனவே அட்டை உள்ளவர்களுக்குத்தான் மறுபடியும் அட்டை கிடைத்தது. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை.

புதிய ஓவியர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்களைப் புகழ்வதற்காகப் பழைய கைகளை இல்லையென்பதைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த முறை இத்தகைய படங்களை வெளியிடும்போது மூல அட்டையையும் அருகிலேயே அச்சிட்டு, அதன் ஆண்டையும் நிறுவனத்தின் பெயரையும் கீழே குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பிட்ஸ்பர்க்