பதினைந்து வயதுப் பெண்ணை எழுதும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் இளையோர் நாவலின் முதல் 60 பக்கத்தைப் படித்து முடித்தேன். நடை நன்றாக ஓடுகிறது. ஆனால் கதை 41ஆம் பக்கத்தில்தான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் வருவதெல்லாம் தாத்தா விட்டுவந்த வீடு, அப்பா பட்ட கடன், விமான நிலையத்தில் அம்மா அழுதது. இவை பெரியவர்களின் நினைவு. நாடு மாறி வந்தபோது உன் நாயகிக்கு வயது ஐந்து. அந்த வயதுக் குழந்தைக்குக் கடன் நினைவில் நிற்காது. வழியில் ஒற்றைச் செருப்பு தொலைந்தது நிற்கும், யார் மடியில் தூங்கினோம் என்பது நிற்கும். புலம்பெயர்ந்த குடும்பத்துக் கதைகளில் அதிகம் தடுக்கி விழும் இடம் இதுதான். எழுதுகிறவரின் ஏக்கம் பாத்திரத்தின் வாயில் புகுந்துவிடுகிறது. படிக்கும் பதினான்கு வயதுப் பிள்ளை பத்தாம் பக்கத்தில் மூடிவைத்துவிடும். அந்த 40 பக்கத்தைத் தனிக் கோப்பில் எடுத்து வை. அதிலிருந்து நாலைந்து வரி மட்டும், அவள் அரைகுறையாகக் கேள்விப்பட்ட அளவில், கதைக்கு நடுவே வரட்டும்.

மேற்கொண்டு எழுதுவதற்கு முன் ஒரு நாளை ஒதுக்கி அட்டவணை ஒன்று போடு. வீட்டில் ஆளுக்கு ஒரு வரி: பிறந்த ஆண்டு, வந்தபோது வயது, எந்த மொழியில் எழுதப் படிக்கத் தெரியும், கோபம் வந்தால் எந்த மொழி வாயில் வரும், கையில் என்ன ஆவணம், அது எப்போது காலாவதி, மாதச் சம்பளம் யாருடையது. இதில் வந்த வயதுதான் முக்கியம். பெரியவர்களாக வந்தவர்கள் முதல் தலைமுறை, வந்த நாட்டில் பிறந்தவர்கள் இரண்டாம் தலைமுறை என்றால், நடுவில் சிறுவயதில் வந்தவர்களைச் சமூகவியலாளர் ரூபென் ரும்பாட் தசம எண்களாகவே பிரித்து வைத்திருக்கிறார்: 6 முதல் 12 வயதுக்குள் வந்தவர்கள் 1.5 தலைமுறை, 13 முதல் 17க்குள் வந்தவர்கள் 1.25, ஐந்து வயதுக்குள் வந்தவர்கள் 1.75. உன் நாயகி 1.75. பதின்மூன்றில் வந்த அவள் அண்ணன் 1.25. ஒரே வீடு, ஒரே மேசை, ஆனால் இரண்டு தலைமுறை. உன் கைப்பிரதியிலோ இருவரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள், ஒரே மாதிரி வெட்கப்படுகிறார்கள். அண்ணனுக்குப் பழைய பள்ளி நண்பர்கள் இருப்பார்கள், புது மொழியில் உச்சரிப்பு இடறும், அங்கே நன்றாகப் படித்தவன் இங்கே கீழ்வகுப்பில் உட்கார நேர்ந்திருக்கலாம். தங்கைக்கு அம்மா சொல்வது புரியும், பதில் மட்டும் பள்ளி மொழியில் வரும். இந்த இடைவெளியிலேயே மூன்று அத்தியாயம் எழுதலாம்.

இனிமேல் சொல்வதுதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. "நான் யார், அந்த ஊர்க்காரியா இந்த ஊர்க்காரியா" என்று உன் நாயகி நான்கு இடத்தில் தனக்குத் தானே கேட்டுக்கொள்கிறாள். அந்தக் கேள்வியால் கதை ஓர் அடிகூட நகரவில்லை. அவள் அந்த வீட்டில் என்ன வேலை செய்கிறாள் என்று பார். வங்கியிலிருந்து வரும் கடிதத்தைப் படிப்பது அவள். அம்மாவின் கைபேசியில் கடவுச்சொல் போட்டு வைத்திருப்பது அவள். மருத்துவமனையில், பள்ளியில், வீட்டு உரிமையாளரிடம் மொழிபெயர்ப்பதும் அவள். பதினைந்து வயதுப் பிள்ளையிடம் பெரியவர்களின் ரகசியமும் அதிகாரமும் சேர்ந்து வந்துவிடுகின்றன. கதையை இழுக்கும் மாடு அதுதான்.

ஒரு காட்சியைக் கிட்டத்தில் பார்ப்போம். பெற்றோர் சந்திப்பு. ஆசிரியை சொல்கிறார்: "கெட்டிக்காரி. ஆனால் இந்தப் பருவத்தில் 11 நாள் வரவில்லை. இப்படியே போனால் தேர்வுக்கு அனுமதி கிடைப்பது கடினம்." அவள் அப்பாவிடம் சொல்வது: "நல்லா படிக்கிறேன்னு சொல்றாங்க." அப்பா ஆசிரியையின் முகத்தைப் பார்க்கிறார், மகளைப் பார்க்கிறார். "இவ்வளவு நேரம் பேசினாங்களே, அவ்வளவுதானா?" அந்த 11 நாளும் அவள் அம்மாவோடு மருத்துவமனையில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள் என்பது வாசகருக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பொய் கனக்கும்.

இப்படிப்பட்ட காட்சியில் ஒரே பேச்சை இரண்டு மொழியிலும் முழுதாக எழுதினால் சலித்துப்போகும். ஆசிரியை சொன்னதை ஒரு முறை முழுதாகக் கொடு. அதன் பிறகு மகள் சொல்வதை மட்டும் கொடு. விடுபட்டது எது என்று வாசகரே கண்டுபிடிக்கட்டும். இரண்டு, மூன்று பக்கம் போதும். மருத்துவமனையில் சிக்கல் வேறு: அவளுக்கே சொல் தெரியாது. சிறுநீரகம் என்ற சொல்லை வீட்டில் யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? அவள் தன் இடுப்புக்குப் பின்னால் கையை வைத்துக் காட்டுவாள்.

உரையாடலுக்கு ஒரு விதி வைத்துக்கொண்டு கடைசிவரை மாற்றாதே. வீட்டுப் பேச்சுக்குப் பேச்சுத் தமிழ், பள்ளி மொழிக்கு நேரான எழுத்துத் தமிழ் என்று வைத்தால் முதல் பத்துப் பக்கத்தில் வாசகருக்குப் பழகிவிடும். பள்ளி மொழியில் அம்மா பேசும்போது எழுத்துப் பிழை போட்டுக் காட்டாதே, சிரிப்புத்தான் வரும். குட்டி வாக்கியமும் தயக்கமும் போதும். அதே அம்மா தமிழில் பேசும்போது வாயாடியாக, கூர்மையாக, நாலு பேரை மடக்குகிறவளாக இருக்க வேண்டும். பெற்றோரை வெறும் தடைச்சுவராக எழுதிவிடாமல் தடுக்க இதைவிட எளிய வழி இல்லை.

நாயகியின் தமிழும் இன்னும் கவனமாக வர வேண்டும். இப்போது அவள் பிழையில்லாமல் பேசுகிறாள், நம்ப முடியவில்லை. பெயர்ச்சொல் பள்ளி மொழியில் இருக்கும், அதோடு ஒரு 'பண்ணு' சேரும். வீடியோ அழைப்பில் பெரியப்பாவிடம் "நீ எப்ப வர்ற?" என்று கேட்டுவிடுவாள், அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இருக்காது. எல்லாவற்றையும்விட நாம், நாங்கள். முன்னிலையில் இருப்பவரைச் சேர்த்துக்கொள்ளும் சொல்லும் விலக்கும் சொல்லும் தமிழில் தனித்தனி. பல மொழிகளில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். வகுப்புத் தோழிகளை நினைத்துக்கொண்டு அவள் அம்மாவிடம் சொல்கிறாள்: "நாங்க அப்படியெல்லாம் செய்ய மாட்டோம்." இலக்கணப்படி சரிதான். ஆனால் அம்மாவின் கை அப்படியே நிற்கும். அந்த 'நாங்க'வை அம்மா விளக்கிப் பேசுவதாக எழுதிவிடாதே, கை நின்றதோடு விட்டுவிடு. தமிழில் எழுதுகிறவளுக்கு மட்டும் கிடைக்கும் காட்சி இது.

வேற்றுமொழிச் சொல் வந்தால் சாய்வெழுத்து வேண்டாம், கடைசியில் சொற்பட்டியலும் வேண்டாம். பொருள் அடுத்த வரியில் செயலாகத் தெரிய வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சொல்லை எந்தப் பாத்திரமும் தன் தம்பிக்கு விளக்காது. சிறார் இலக்கிய ஆய்வாளர் ருடீன் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதிய கட்டுரையில் புத்தகம் சிலருக்குத் தன்னையே காணும் கண்ணாடியாகவும் சிலருக்குப் பிறர் வாழ்க்கையைப் பார்க்கும் சன்னலாகவும் இருக்கும் என்றார். நீ சன்னல் வழியே பார்ப்பவருக்காக ஒவ்வொன்றையும் விளக்கிக்கொண்டே போனால், கண்ணாடி தேடி வந்த பிள்ளை அந்நியமாக நிற்கும்.

வருகைப் பதிவில் பெயரைத் தப்பாகப் படிப்பது, சாப்பாட்டு டப்பாவைப் பார்த்து மற்றவர்கள் மூக்கைப் பொத்துவது, கண்ணாடி முன் நின்று நிறத்தை வெறுப்பது: மூன்றும் உன்னிடம் இருக்கின்றன. உண்மையில் நடப்பவைதான், ஆனால் எழுதி எழுதித் தேய்ந்தவை. ஒன்றை மட்டும் வைத்துக்கொள். கடைசி அத்தியாயத்தில் பிறந்த ஊருக்கு ஒரு பயணம் போய் எல்லாம் சரியாவதையும் எடுத்துவிடு. அப்பா நீளமாக மன்னிப்புக் கேட்பதும் வேண்டாம்; அடுத்த சந்திப்புக்கு வேறொரு மொழிபெயர்ப்பாளரைத் தருவீர்களா என்று அவரே தட்டுத்தடுமாறிக் கேட்டால் போதும்.

ஆவணங்களைப் பற்றி ஒன்று. கதை நடக்கும் நாட்டின் விதியைத் தேடிப் படி. பெற்றோரைச் சார்ந்து கிடைத்த தங்கும் உரிமை பல நாடுகளில் ஒரு குறிப்பிட்ட வயதோடு முடிந்துவிடும். அந்தப் பிறந்தநாள் உன் நாவலுக்கு இயல்பான கெடுவாக அமையும். எந்த வயதில் பகுதிநேர வேலைக்குப் போகலாம் என்பதையும் சரிபார்த்துவிடு.

இந்த வகை நாவலுக்கு ஆங்கிலப் பதிப்பகங்கள் பொதுவாக 50,000 முதல் 80,000 சொல் எதிர்பார்க்கின்றன. தமிழில் ஒரே சொல்லில் நிறைய அடங்கிவிடும், 45,000 சொல்லே நிறைவாக இருக்கும். 'நான்' என்று தன்மையில் எழுதுகிறாய், நல்லது. ஆனால் "அன்று எனக்குத் தெரியவில்லை" என்ற வரி ஏழு இடத்தில் வருகிறது. அது முப்பது வயதுக்காரியின் குரல். ஏழையும் வெட்டு.

முதல் வரைவு முடிந்ததும் பதினைந்து, பதினாறு வயதில் மூன்று பேரிடம் கொடு. இருவராவது இப்படிப்பட்ட வீட்டில் வளர்பவர்களாக இருக்கட்டும். பிடித்ததா என்று கேட்டால் பிடித்தது என்றுதான் சொல்வார்கள். எந்தப் பக்கத்தைத் தாண்டிப் படித்தாய், எங்கே உனக்குக் கூச்சமாக இருந்தது என்று கேட்டு ஓரத்தில் குறிக்கச் சொல். மூவரும் ஒரே இடத்தைத் தாண்டியிருந்தால் அதைத் திருத்தப் பார்க்காதே, எடுத்துவிடு.

அட்டவணையை முதலில் அனுப்பு, அண்ணனின் வரியை நிரப்பியபின்.

அன்புடன்,
அக்கா