மலைமேல் ரிப்பீட்டர் திருப்பணி: செயற்குழுவின் நிறைவு அறிக்கை

நம் ஹாம் வானொலி மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும் செயலாளரின் வணக்கம். கைக்கருவிகளின் பலவீனமான சிக்னலை வாங்கிப் பலமாக மறுபடி அனுப்புகிற நம் மலைமேல் ரிப்பீட்டரைப் பழுது பார்த்த வேலையின் கணக்கு இது.

இந்த வேலைக்குத் 'திருப்பணி' என்று பெயர் வைத்தவர் நம் பழனி உறுப்பினர். கம்பத்துக்குச் சாயம் அடிக்கிறீர்கள், கொட்டகைக்குக் கூரை போடுகிறீர்கள், உண்டியல் வேறு குலுக்குகிறீர்கள், கும்பாபிஷேகம் எப்போது என்று, காலையில் எல்லோரும் வானொலியில் கூடிப் பேசும் நெட்டில் கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார், பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் எந்தக் கோயில் திருப்பணிக் குழுவையும் இத்தனை பேர் இத்தனை முறை கணக்குக் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டவர்களுக்கும், கேட்காமல் மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டு இருந்தவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

2024 செப்டம்பர் பொதுக்குழு ஒப்புதல் தந்தது 2,40,000 ரூபாய்க்கு. செலவானது 2,83,000. கூடுதல் 43,000 ரூபாய். அதில் 39,300, இடியை மண்ணுக்குள் இறக்கும் எர்த்திங் என்ற ஒரே வேலையில் போனது. மீதி 3,700 சுமைக்கூலியில். ஆகவே இந்த அறிக்கையில் பெரும்பகுதி மண்ணுக்கு அடியில் இருப்பதைப் பற்றியது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தகராறு இல்லாத வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். கம்பத்தின் துருவைச் சுரண்டிச் சாயம் பூசி, இழுகம்பிகளை மாற்றியதில் 38,000. கொட்டகைக் கூரையும் எலி நுழையாத வலையும் 27,000. டூப்ளெக்ஸரைச் சரிசெய்ய மதுரையிலிருந்து வந்த மூத்த உறுப்பினர் இரண்டு நாள் தங்கி, ஆறு குழிகலன்களையும் ஒவ்வொன்றாகத் திருகி ஒத்திசைத்தார். பஸ் செலவும் சாப்பாடுமாக 1,800 மட்டும் வாங்கிக்கொண்டார். அனுப்பும் அலையையும் வாங்கும் அலையையும் பிரித்து வைப்பது டூப்ளெக்ஸர்தான். அவற்றுக்கு நடுவே வெறும் 600 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒரே ஆண்டெனா ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் வேண்டுமென்றால், அந்த ஆறு டப்பாக்கள் மயிரிழை பிசகக் கூடாது. அவர் வேலையைப் பற்றி யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. அதனால் அவருக்கு இந்த அறிக்கையில் இவ்வளவுதான் இடம். உலகம் அப்படித்தான் இருக்கிறது.

ஆண்டெனா, கேபிள், இடிதாங்கி எல்லாம் சேர்த்து 71,500. "கேபிள் நன்றாகத்தானே இருந்தது, எஸ்.டபிள்யூ.ஆர். 1.3தான் காட்டியது, அதை ஏன் மாற்றினீர்கள்?" என்று இரண்டு உறுப்பினர்கள் எழுத்து மூலம் கேட்டிருக்கிறார்கள். அனுப்பிய சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் எண் அது; 1-ஐ நெருங்கினால் நல்லது என்பார்கள். அந்த 1.3தான் நம்மை ஏமாற்றியது. கேபிளே சக்தியைத் தின்றுவிட்டால் மேலிருந்து திரும்பி வர ஒன்றும் மிஞ்சாது. கீழே வைத்த மீட்டர் சமர்த்தாக நல்ல எண்ணைக் காட்டும். கீழே 25 வாட் கொடுத்து, கம்பத்தின் உச்சியில் அளந்தால் 6 வாட். ஆண்டெனாவின் அடியில் இருந்த இணைப்பியைக் கழற்றியபோது தேநீர் நிறத்தில் தண்ணீர் வடிந்து என் மணிக்கட்டு வழியாகச் சட்டைக் கைக்குள் இறங்கியது. உள்ளே இருந்த செம்புப் பின்னல் கறுத்துப்போய், நகம் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. ஒரு முழம் வெட்டிப் பார்த்தோம், கறுப்பு. இன்னொரு முழம், கறுப்பு. ஆறு முழம் வெட்டியும் செம்பின் நிறத்தைப் பார்க்க முடியவில்லை. மழைக்காலம் முழுவதும் மேகத்துக்குள்ளேயே நிற்கும் கம்பம் அது. வெட்டிய துண்டுகள் என் வீட்டில் இருக்கின்றன. சந்தேகம் உள்ளவர்கள் வந்து பார்க்கலாம், காப்பி தருகிறேன்.

இனி எர்த்திங். 2024 ஏப்ரலில் விழுந்த கோடை இடியில் ரிசீவர் பலகை கருகியதால்தான் இந்தத் திருப்பணியே தொடங்கியது என்பதை நினைவூட்டுகிறேன். மூன்று கொட்டேஷன்கள் வந்தன. குறைந்தது 22,000 ரூபாய்: மூன்று குழிகள், எட்டடி ஆழம், எட்டடிக் கால்வனைஸ் குழாய்கள், கரியும் உப்பும் அடுக்கடுக்காக. நடுவில் இருந்த 34,000 ரூபாய்க் கொட்டேஷனில் 'பாறை வந்தால் தனிக் கணக்கு' என்று ஒரு வரி இருந்தது. வேலை தொடங்கும் முன்பே சாக்குத் தேடுகிறார் என்று சொல்லி அதை ஒதுக்கியவன் நான்தான். நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் அப்படியே பதிவாகியிருக்கிறது, மறைக்கவில்லை.

22,000 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டவர் சமவெளியைச் சேர்ந்தவர். பெயர் வேண்டாம். 15,000 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் மலையேறவில்லை. கேட்டால் இ-பாஸ் கிடைக்கவில்லை என்றார். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறையில் இருப்பது உண்மை. ஆனால் அப்போது இணையத்தில் விவரத்தைப் பதிந்தால் கிடைத்துவிடுகிற அனுமதிச் சீட்டு அது. நம் பொருளாளரே அவருக்காகப் பதிந்து, அச்செடுத்து, வத்தலக்குண்டு பஸ் நிலையத்தில் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அதன்பிறகு ஆட்கள் வந்தார்கள், மூன்றே நாளில் குழிகள் மூடப்பட்டன, மேலே சிமெண்ட் தொட்டி கட்டிச் சாயமும் பூசியிருந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. நானும் படம் எடுத்துக் குழுவுக்கு அனுப்பினேன். பாராட்டியவர்களில் இப்போது கேள்வி கேட்பவர்களும் உண்டு.

மறுவாரம் கேபிள் ஏற்றப் போனபோது, தோட்டத்துக் காவலாளி கொட்டகைக்குப் பின்னால் தன் படுதாவுக்கு மூன்று குழாய்களை முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார். புத்தம் புதிய கால்வனைஸ் குழாய். பூச்சு இன்னும் பளபளத்தது. ஒவ்வொன்றிலும் ஒரு முனையில் ரம்பம் அறுத்த தடம். நாடா வைத்து அளந்தேன். மூன்றும் ஐந்தடி. "வெட்டிப் போட்டதுதானே சார், வேண்டாம் என்று விட்டுப் போனார்கள்" என்றார் காவலாளி. எட்டில் ஐந்து போனால் மண்ணுக்குள் இருப்பது எவ்வளவு என்று கணக்குப் போட ஹாம் உரிமத் தேர்வு எழுதியிருக்க வேண்டியதில்லை. மண்ணுக்குள் மின்சாரம் இறங்க எவ்வளவு தடை என்று எர்த் டெஸ்டரை வைத்துப் பார்த்தால் 38 ஓம்; குறையக் குறையத்தான் நல்லது. நாம் கேட்டிருந்தது 5.

தொலைபேசியில் அவர் மறுக்கவே இல்லை. மூன்றடியில் பாறை வந்துவிட்டது, கொட்டேஷனில் பாறை என்ற சொல் இல்லை, பாறையை உடைக்க இன்னும் 18,000 ஆகும் என்றார். பாறை வந்தது உண்மைதான். பழனி மலைத்தொடர் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கடினப் பாறை; மண் அதன்மேல் போர்த்திய போர்வை. அதைச் சொல்லியிருந்தால் பேசியிருக்கலாம். குழாயை அறுத்துப் புதைத்து மேலே தொட்டி கட்டியவரிடம் என்ன பேசுவது? மீதி 7,000 தர முடியாது என்று செயற்குழு ஒருமனதாக முடிவெடுத்தது.

பிறகு ஏன் அவர் கணக்கில் இன்னும் 4,000 கொடுத்தீர்கள் என்பதுதான் பலருடைய கேள்வி. சொல்கிறேன். ஒரு காலை நேரத்தில் அவருடைய ஆட்கள் நான்கு பேர் பண்ணைக்காடு பிரிவு டீக்கடையில் எனக்காகக் காத்திருந்தார்கள். மூன்று நாள் கூலி வரவில்லை. குழாயை அறுக்கச் சொன்னது அவர்கள் இல்லை. அந்தக் குழாய்களையும் கரி மூட்டைகளையும் முதுகில் சுமந்து ஏற்றியது அவர்கள். ஆளுக்கு ஆயிரம் ரூபாய், கையெழுத்து வாங்கிக்கொண்டு, அவர்கள் கையிலேயே கொடுத்தோம். தவறென்றால் பொதுக்குழு சொல்லட்டும். நாளை அதே டீக்கடையில் அவர்கள் நின்றாலும் நான் அதையேதான் செய்வேன்.

எர்த்திங்கை மறுபடியும் செய்ததில் 42,300 ஆனது: இரும்புப் பட்டையும் பிணைப்புகளும் 21,600, பெண்டோனைட் 6,200, கூலி 14,500. முன்பணம் 15,000, ஆட்களுக்குக் கொடுத்த 4,000 இரண்டையும் சேர்த்தால் எர்த்திங் மொத்தம் 61,300; 22,000 போகக் கூடுதல் 39,300. பாறையைத் தோண்டி ஆழம் போவதை விட்டுவிட்டுப் படுக்கைவாட்டில் போனோம். கம்பத்தின் காலிலிருந்து மூன்று பக்கமும் பத்துப் பத்து மீட்டர் பட்டை. அதோடு, கீழே காப்பிச் செடிகளுக்கு நடுவே கோடையிலும் ஈரம் காயாத ஊற்றடி வரை ஒரு அறுபது மீட்டர் பட்டை. இடிக்கு நீளப் பட்டை உதவாது என்று திண்டுக்கல் உறுப்பினர் வாதாடினார். அவர் சொன்னது சரி. இடியின் மின்னோட்டம் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் பாய்வது. நீண்ட கம்பி அதைத் தடுக்கும். அதற்குத்தான் குட்டைப் பட்டைகள் மூன்று. நீளமானது மொத்தத் தடையைக் குறைக்க. உப்பு போடவில்லை, மழையில் கரைந்தோடுவதோடு இரும்பையும் அரிக்கும். பெண்டோனைட் களிமண் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். செம்பு ஏன் போடவில்லை என்றும் கேட்டீர்கள். போட்டிருந்தால் ஒரே மாதத்தில் பழைய இரும்புக் கடையில் எடைக்கு நின்றிருக்கும். பள்ளம் மூடுவதற்குள் ஓரிரவு காட்டுமாடுகள் வந்து மூன்று இடங்களில் மிதித்துச் சரித்துவிட்டுப் போயின. எந்தக் கொட்டேஷனிலும் அவற்றுக்கும் ஒரு வரி இல்லை.

2025 மார்ச் மூன்றாம் வாரத்தில், மண் காய்ந்து கிடந்தபோது அளந்தது 6.5 ஓம். ஏப்ரல் மழைக்குப் பிறகு 4.2. அறிக்கையில் 4.2 என்று மட்டும் போடலாமே என்று குழுவிலேயே ஒருவர் சொன்னார். காய்ந்த மண்ணில் வருவதுதான் உண்மையான அளவு. 5 என்ற இலக்கை நாம் எட்டவில்லை.

பேட்டரியும் சோலாரும் 64,000. லித்தியம் வாங்கியிருக்கலாம், சுமையும் குறைந்திருக்கும் என்பது இளைய உறுப்பினர்களின் குறை. லித்தியம் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்தால் கெட்டுவிடும். டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானலில் உறைபனி விழும்; நம் மலையில் அந்த ஆபத்தை ஏற்க விரும்பவில்லை. ஆகவே 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் ஈய பேட்டரி இரண்டு. நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பேசினாலும் நான்கு நாள் வெயில் இல்லாமல் தாங்கும். எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்கள் 2018 நவம்பர் 16 அன்று எங்கே இருந்தார்கள் என்று தெரியவில்லை. கஜா புயல் விடியுமுன் வேதாரண்யம் பக்கம் கரை கடந்து இந்த மலை வரை வந்தது. மரங்கள் சாய்ந்து, பாதை அடைந்து, மின்சாரம் போனது. அன்று நம் ரிப்பீட்டர் பகல் தாண்டவில்லை. அதை நான் மறக்கவில்லை. வாகனம் போகாத கடைசி இரண்டு கிலோமீட்டரில் பேட்டரிகளை மூங்கிலில் கட்டி நான்கு பேராகத் தூக்கினோம். மற்றவை பொதிக்குதிரையில் போயின. சுமைக்கூலியும் சாப்பாடும் 19,400.

நன்கொடையாளர்களைப் பெயர் சொல்லாமல் ஊர் சொல்லி எழுதுகிறேன். சென்ற முறை பலகையில் யார் பெயர் மேலே என்பதில் வந்த மனத்தாங்கல் இன்னும் தீரவில்லை. இடம் கொடுத்து வாடகை வாங்காத பண்ணைக்காட்டுத் தோட்டக்காரர், 25,000 கொடுத்த தாண்டிக்குடி காப்பி விவசாயி, ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரர்கள் மூவர், இழுகம்பிக்கு விலையைக் குறைத்த வத்தலக்குண்டு இரும்புக்கடைக்காரர், நிலக்கோட்டைப் பூ வியாபாரி, சின்னாளப்பட்டிச் சேலைக்கடைக்காரர், ஓய்வூதியத்தில் மாதம் ஐந்நூறாகத் தவணை கட்டிய பெரியகுளம் தமிழாசிரியை, கல்லூரி மாணவர்கள் பதினோரு பேரிடம் சேர்த்து அனுப்பிய தேனி உறுப்பினர், கொட்டகைக்குப் பூட்டுச் செய்து தந்து காசு வாங்க மறுத்த திண்டுக்கல் பூட்டுத் தொழிலாளி. யாரையாவது விட்டிருந்தால் என் கவனக்குறைவு. தொலைபேசியில் திட்டலாம்.

பூம்பாறைப் பூண்டு விவசாயியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் ஊருக்கும் நம் கம்பத்துக்கும் நடுவே கொடைக்கானல் மேடு நிற்கிறது. புது ஆண்டெனா வந்தும் அவருடைய கைக்கருவி ரிப்பீட்டரைத் தொடவில்லை. இது முன்பே தெரியும், அவரிடம் சொல்லியும் இருந்தோம். அப்படியிருந்தும் 5,000 ரூபாய் அனுப்பினார். சிக்னல் முழுதாக வரும் இடத்தில் உட்கார்ந்துகொண்டு சந்தாவே கட்டாதவர்கள் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது.

வரவு 2,51,500. பற்றாக்குறை 31,500. நம் விதிப்படி சேமநிதியிலிருந்து செயற்குழு தன் பொறுப்பில் எடுக்கக்கூடியது 25,000 மட்டும். அதை எடுத்தோம். மீதி 6,500 ரூபாயைப் பொருளாளர் கைக்காசாகப் போட்டார்; வீட்டில் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். வரும் பொதுக்குழுவில் முதல் பொருளாக அந்தத் தொகையை அவருக்குத் திருப்பித் தர ஒப்புதல் கேட்கப்படும். ரசீதுகள், அளவுக் குறிப்பேடு, அறுத்த குழாயில் ஒரு துண்டு ஆகியவை மேசைமேல் இருக்கும். மற்ற இரண்டு துண்டுகளையும் காவலாளி தர மறுத்துவிட்டார்.