நின்றுகொண்டு செய்யும் வேலைக்கு மடிக்கணினி எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ வழங்கப்படும் என்று 2025-26 தமிழக நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபோது, இரண்டில் எது நல்லது என்ற பேச்சு எங்கள் அலுவலகத்திலும் எழுந்தது. மாணவர்களைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர் என்று நாளுக்கு மூன்று யூனிட்களுக்கு வண்டியில் போய்ப் பின்னலாடைகளைப் பரிசோதிக்கும் வேலையில் 14 ஆண்டுகளாக இருக்கிறேன். எங்களைப் போல வெளியே அலைபவர்களுக்கு லேப்டாப்பைவிட டேப் எனப்படும் கைக்கணினிதான் ஏற்றது என்பதை இந்தப் பகுதி முதலாளிகளின் கவனத்துக்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன்.

3,000 பீஸ் உள்ள ஒரு லாட்டில், அதாவது ஒரு தொகுதிச் சரக்கில், எத்தனை குறை வரை ஏற்கலாம் என்பதற்கு வழக்கமாக வைத்திருக்கும் ஏ.க்யூ.எல். 2.5 அளவுகோலின்படி 125 பீஸ்களை எடுத்துப் பார்க்க வேண்டும். பெரிய குறைகள் ஏழைத் தாண்டினால் லாட் நின்றுவிடும். இந்த 125 பீஸ்களையும் செக்கிங் மேசை அருகே நின்றுகொண்டேதான் பார்க்கிறோம். மடிக்கணினிக்கு மடியோ மேசையோ வேண்டும். நின்றுகொண்டிருப்பவருக்கு மடி ஏது, துணி குவிந்த மேசையில் இடம்தான் ஏது? அதனால் அளவுகளைத் தாளில் குறித்து, குறைகளை செல்போனில் படம் எடுத்து, இரவு வீட்டுக்கு வந்த பிறகு இரண்டையும் லேப்டாப்பில் ஏற்றுவதே பல ஆண்டுகளாக என் வழக்கமாக இருந்தது. ஒருமுறை அப்படி ஏற்றும்போது மீடியம் சைஸின் மார்பளவை லார்ஜ் வரிசையில் பதிந்துவிட்டேன். மறுநாள் அதைக் கண்டுபிடிப்பதற்குள் அட்டைப்பெட்டிகள் ஒட்டப்பட்டுவிட்டன. அவற்றைப் பிரித்து மறுபடி அளந்து அடுக்குவதற்காக, வீட்டுக்குக் கிளம்பிய செக்கிங் பெண்கள் இரவு பத்து மணி வரை இருக்க வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் இன்றும் எனக்குண்டு.

கடந்த மூன்று ஆண்டுகளாக டேப் வைத்திருக்கிறேன். இடது கையில் அதைப் பிடித்துக்கொண்டு அளவை அங்கேயே பதிகிறேன்; ஓட்டையையோ எண்ணெய்க் கறையையோ படம் எடுத்து, விரலால் வட்டமிட்டு, லைன் சூப்பர்வைசரிடம் உடனே காட்டிவிட முடிகிறது. அரைக் கிலோ அளவே எடை என்பதும், ஒரு சார்ஜ் மாலை வரை தாங்குகிறது என்பதும் வண்டியில் போகிறவருக்குச் சிறிய நன்மைகள் அல்ல. இன்னொன்று, பஞ்சு. நிட்டிங் யூனிட்டில் பறக்கும் பஞ்சுத்தூசு லேப்டாப்பின் காற்றாடிக்குள் அடைந்து, சூடேறி, என்னுடைய பழைய லேப்டாப் இருமுறை பழுதுக்குப் போனது. பெரும்பாலான டேப்களில் காற்றாடியே கிடையாது.

குறைகளும் உண்டு. ஐபேடைப் பயன்படுத்த ஆப்பிள் நிறுவனம் சொல்லும் வெப்ப வரம்பு 35 டிகிரி செல்சியஸ். நம் ஊர்ச் சித்திரை வெயில் அதைத் தாண்டிவிடும் என்பதால், வண்டிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. எக்செலில் மேக்ரோ (தானாகக் கணக்கிடும் சிறு நிரல்) போட்டு வைத்திருக்கும் காஸ்டிங் ஷீட், அதாவது அடக்கவிலைக் கணக்கு, ஐபேட், ஆண்ட்ராய்டு டேப்களில் ஓடாது. டேலி கணக்குக்கும் நீண்ட கடிதங்களுக்கும் அலுவலகக் கணினியே தேவை. ஆகவே லேப்டாப்பை ஒழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பத்துப் பேர் வெளியே போகும் நிறுவனம் பத்து லேப்டாப் வாங்குவதற்குப் பதில், பத்து டேப்களும் அலுவலகத்தில் பொதுவாக இரண்டு கணினிகளும் வாங்கினால் போதும் என்பதே என் கருத்து.

வாங்குகிறவர்கள் சிம் போடும் வசதி உள்ளதையே வாங்க வேண்டும். வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். கிடையாது, பரிசோதனை எந்த யூனிட்டில் நடந்தது என்று பையருக்கு, அதாவது சரக்கை வாங்கும் நிறுவனத்துக்கு, இடக்குறிப்போடு காட்ட வேண்டியவர்களுக்கு அது உதவாது. பின்னால் கைப்பட்டை வைத்த உறையும் அவசியம். ஒரு முறை சிமென்ட் தரையில் விழுந்தால் உறைக்குக் கொடுக்கும் பணத்தைவிடச் செலவு பல மடங்காகும். இதையெல்லாம் ஊழியரின் சொந்த செல்போனில் செய்யச் சொல்லும் பழக்கத்தையும் முதலாளிகள் கைவிட வேண்டும்.

கோவையிலும் திருப்பூரிலும் இதற்கான செயலிகளை உருவாக்குபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். குறைகளின் பெயர்கள் இப்போது ஆங்கிலத்தில் மட்டுமே வருகின்றன. 'தையல் விடுபட்டது', 'ஊசி ஓட்டை', 'நிற வேறுபாடு' என்று தமிழிலும் வருமாறு செய்தால், நான் திரையைக் காட்டும்போது செக்கிங் மேசையில் இருப்பவர்கள் தாங்களே படித்துத் திருத்திக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தரப் பரிசோதகர் ஒருவர்,
திருப்பூர்.