மிஸ்டர் பீன் அப்பாவி இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மிஸ்டர் பீன் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். 'உலகமறியாத அப்பாவி' என்று மூன்று இடங்களில் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இந்தக் கடிதம். 31 ஆண்டுகள் பள்ளியில் கணிதம் நடத்தியவள் நான். தேர்வு அறைகளில் கண்காணிப்பாளராக நடந்து நடந்து எத்தனை செருப்பு தேய்த்தேனோ, கணக்கில்லை. அப்பாவி யார், அப்பாவி முகம் வைத்துக்கொள்கிறவன் யார் என்பதை அவன் வந்து உட்காரும் தோரணையிலேயே சொல்லிவிடுவேன். பீன் இரண்டாவது வகை. (அவனை 'அவர்' என்று எழுத எனக்குக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். அவனாக நடித்த ரோவன் அட்கின்சனுக்கு எத்தனை 'அவர்' வேண்டுமானாலும் போடுகிறேன்.)

1990 புத்தாண்டு நாளில் இங்கிலாந்தின் ஐடிவி தொலைக்காட்சியில் வந்த இந்த நகைச்சுவைத் தொடரின் முதல் பகுதியையே எடுத்துக்கொள்ளுங்கள். கணிதத் தேர்வு. பேனா, பென்சில், பொம்மை என்று ஒரு கடையையே மேசையில் பரப்புகிறான் பீன். அவன் படித்து வந்தது முக்கோணவியல். உறையைப் பிரித்தால் கையில் வருவது நுண்கணிதத் தாள். பக்கத்தில் இருப்பவரோ விறுவிறுவென்று எழுதுகிறார். அதற்குப் பிறகு பீனுக்குத் தெரிந்த ஒரே பாடம் பக்கத்துத் தாள்தான். என் அறையில் கொட்டாவி விடும் சாக்கில் திரும்பியவர்கள் உண்டு. அடிக்கோலைத் தவறவிட்டுக் குனிந்தே கிடந்தவர்கள் உண்டு. கூடுதல் தாள் கேட்டுக் கையை உயர்த்திவிட்டு, நான் வருவதற்குள் முன் பெஞ்சை மேய்ந்தவர்களும் உண்டு. பறக்கும் படை கூடக் கோட்டைவிட்ட இந்தக் கலைகளையெல்லாம் லண்டனில் ஒரு மனிதன் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு செய்வதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புக்கு முன்னால் கோபம்தான் வந்தது. எழுந்து போய்த் தாளைப் பிடுங்கலாம் போலிருந்தது. நேரம் முடியும் தறுவாயில்தான் உறைக்குள் முக்கோணவியல் தாளும் இருந்தது தெரிகிறது. திருடிய நேரத்தில் உறையை ஒரு தடவை உதறியிருந்தால் போதும்.

உணவகக் காட்சி இதைவிட ஒரு படி மேல். அன்று அவனுக்குப் பிறந்தநாள். தனியாக வந்து உட்காருகிறான். வாழ்த்து அட்டை ஒன்றை எடுத்துத் தானே எழுதி, உறையில் போட்டு, மேசையில் நிறுத்தி வைத்து, பிறகு அப்போதுதான் கண்ணில் பட்டதுபோல் பிரித்துப் பார்த்து வியக்கிறான். எங்கள் வீட்டில் மைத்துனர் கொண்டுவந்த வீடியோ கேசட்டில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆங்கிலம் ஒரு சொல்லும் அறியாத என் மாமியார் கீரை ஆய்வதை நிறுத்திவிட்டு, "ஏம்மா, இவனுக்குக் கூடப் பிறந்தவங்க யாருமே இல்லையா?" என்று கேட்டார். அவர் கண் கலங்குவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. பெயர் தெரியாமல் அவன் வரவழைத்த பண்டம் கொத்திய பச்சை மாட்டிறைச்சி. வாயில் வைக்க முடியவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. பூச்சாடிக்குள், ரொட்டிக்குள், சர்க்கரைக் கிண்ணத்துக்குள், அடுத்த மேசைப் பெண்ணின் கைப்பைக்குள், வயலின் வாசிக்க வந்தவரின் கால்சட்டைக்குள் என்று கொஞ்சம் கொஞ்சமாக ஒளிக்கிறான். இடமெல்லாம் தீர்ந்ததும் பரிமாறுகிறவரின் காலைத் தடுக்கி விழவைத்து, எல்லாவற்றையும் சிந்தியது அவர்தான் என்று பழியைப் போடுகிறான். கணிதத்தில் விடை தப்பானாலும் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. இந்தத் திருட்டுத்தனத்தில் ஒரு படிக்குக்கூட என்னால் மதிப்பெண் குறைக்க முடியவில்லை. கடைசியில் உணவகத்தார் மன்னிப்புக் கேட்டுப் புதிதாக ஒரு தட்டு கொண்டுவந்து வைக்கிறார்கள். அதே பச்சை இறைச்சி. என் மாமியார் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மொழி குறுக்கே நிற்கவில்லை என்பது தற்செயல் இல்லை. பீன் தொலைக்காட்சிக்கு வருமுன் 1987இல் மாண்ட்ரியல் நகைச்சுவை விழாவுக்குப் போன அட்கின்சன், ஆங்கில மேடை இருக்கும்போதே பிரெஞ்சு மேடையைத்தான் கேட்டு வாங்கினார். பேச்சு புரியாதவர்களும் சிரிக்கிறார்களா என்று பார்க்கத்தான். மின்பொறியியல் படித்தவர், சோதித்துப் பார்க்காமல் விடுவாரா! பெயர் வைக்கும்போது காய்கறிக் கூடையைத் துழாவியிருக்கிறார்கள். மிஸ்டர் காலிஃபிளவர் என்றுகூட யோசித்தார்களாம். நல்லவேளை.

மொத்தமே 15 பகுதிகள்தான். 35 ஆண்டுகளாக அதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறோம் என்றால், என் கணக்கில் காரணம் ஒன்றுதான். அவனைத் தலையில் குட்ட யாருமில்லை. அம்மா இல்லை, ஆசிரியர் இல்லை, ஒரு கரடி பொம்மை மட்டும் இருக்கிறது. அது வாய் திறக்காது. நாம் பத்து வயதில் அடி வாங்கி விட்டுவிட்ட வேலைகளை அவன் இன்னும் விடவில்லை. 2002இல் தொடங்கிய கார்ட்டூன் தொடரில் வீட்டுக்காரப் பாட்டி ஒருத்தியைக் கொண்டுவந்து அவனைத் திட்டவைத்தார்கள். என் பேரனுக்கு அது பிடிக்கும். எனக்கு அது வகுப்பறைபோல் ஆகிவிட்டது. 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் அட்கின்சன் அந்தச் சேட்டைக்காரனை மறுபடி எட்டிப்பார்க்க வைத்தார். இசைக்குழுவில் ஒற்றை விரலால் கீபோர்டின் ஒரே கட்டையை அழுத்திச் சலித்துப்போய்க் கனவு காண்கிறான். கனவில் ஓட்டப் பந்தயம். அதிலும் காரில் ஏறித்தான் முன்னால் போகிறான். தூக்கத்தில்கூட நேர்வழியில் ஓடத் தெரியாதவனையா ஐயா, அப்பாவி என்கிறீர்கள்?

அந்த முதல் பகுதியைப் பார்த்ததிலிருந்து ஓய்வு பெறும்வரை, ஒவ்வொரு தேர்விலும் மணி அடித்ததும் நான் சொன்ன முதல் வாக்கியம், "வினாத்தாளின் பின்பக்கத்தையும் பாருங்கள்" என்பதுதான். கடைசி வரிசையில் யாராவது ஒருவன் தலையைக் குனிந்து தோள் குலுங்கச் சிரிப்பான். அவன் வீட்டிலும் அந்தக் கேசட் ஓடியிருக்கிறது என்று தெரிந்துகொள்வேன். அந்த மூன்று மணி நேரமும் என் நடை அவன் பெஞ்சைச் சுற்றித்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்,
திண்டுக்கல்