கிட்டார் பிக்கப் பேஸுக்கு ஆகாது என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே இசைக்கருவி செய்யும் இளைஞர்களைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை, கோத்தகிரியில் எங்கள் கடைக்கு வந்த எல்லாருமே படித்துவிட்டுப் பேசினார்கள். மலையில் உட்கார்ந்து மரம் இழைக்கிற பையன்களுக்கு ஒரு பத்திரிகை இவ்வளவு இடம் கொடுத்ததில் ரொம்ப சந்தோஷம். ஆனால் சாதாரண எலெக்ட்ரிக் கிட்டாரின் பிக்கப்பை (ஸ்ட்ரிங் ஆடுவதை மின்சாரமாக மாற்றி ஆம்புக்கு அனுப்பும் பாகம்) கீழ் ஸ்தாயியில் வாசிக்கிற பேஸ் கிட்டாரில் வைத்தால் கீழ் ஸ்வரங்கள் வராது, பேஸுக்கென்று செய்த பிக்கப்பைத்தான் வாங்க வேண்டும் என்று நடுவில் ஒரு வரி போட்டிருந்தீர்கள். அது தப்பு. தெரியாமல் யாரோ சொன்னதைப் போட்டிருப்பீர்கள், சரி. ஆனால் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு, சில்வர் ஓக் பலகையில் பேஸ் பாடி அறுத்து, பழைய கிட்டாரிலிருந்து கழற்றிய பிக்கப்புக்குக் குழி வெட்டும் அளவுக்கு வந்திருந்த ஒரு தம்பி வேலையை நிறுத்திவிட்டான். அதனால்தான் எழுதுகிறேன்.

பிக்கப்பில் அப்படி என்ன இருக்கிறது? காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று சுற்றிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். அந்தக் கம்பியின் தடிமன் சுமார் 0.06 மி.மீ., கை கொஞ்சம் அழுத்தினாலே அறுந்துவிடும். மேலே இரும்பு ஸ்ட்ரிங் ஆடினால் காந்தப்புலம் மாறும், அது மாறினால் அந்தக் கம்பிச் சுற்றில், அதாவது காயிலில், மின்சாரம் பிறக்கும். 1831ல் ஃபாரடே கண்டுபிடித்தது இதைத்தான், டைனமோ ஓடுவதும் இதனால்தான். மேலே ஆடுவது நொடிக்கு 82 முறை ஆடும் கிட்டாரின் தடித்த ஈ ஸ்ட்ரிங்கா, 41 முறை ஆடும் பேஸின் ஈ ஸ்ட்ரிங்கா என்று காயில் பார்ப்பதே இல்லை. பிக்கப் எதையாவது வெட்டுகிறது என்றால் அது மேல் பக்கத்துக் கூர்மையைத்தான், கீழ்ப் பக்கத்தை அல்ல. ஸ்ட்ரிங் மட்டும் இரும்பு சேர்ந்ததாக இருக்க வேண்டும். நைலான் என்றால் பிக்கப்புக்கு ஒன்றுமே கேட்காது, அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் போடும் வெண்கலம் சுற்றிய ஸ்ட்ரிங்கில் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி மட்டும்தான் வேலை செய்யும்.

இது புதுசாக யாரோ செய்து பார்க்கும் விஷயமும் இல்லை. டேன்எலக்ட்ரோ கம்பெனி 1958ல் கொண்டுவந்த லாங்ஹார்ன் பேஸில் இருந்தது அவர்களுடைய கிட்டார்களில் இருந்த அதே லிப்ஸ்டிக் பிக்கப்தான்; நிஜமாகவே லிப்ஸ்டிக் குழாய்க்குள் அடைத்த காயில். 1961ல் ஃபெண்டர் விட்ட பேஸ் சிக்ஸ், கிட்டாருக்கு ஒரு ஸ்தாயி கீழே சுருதி வைக்கிற ஆறு ஸ்ட்ரிங் கருவி, அதிலும் கிட்டார் வகைப் பிக்கப்தான். அந்த லியோ ஃபெண்டர் முதலில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கையில் இருக்கிற சாமானை வைத்துச் செய்து பார்க்கிற ஆட்களிடமிருந்துதான் இந்தக் கருவியே வந்தது.

அப்படியானால் பேஸ் பிக்கப் என்று தனியாக விற்பது வீணா என்றால், இல்லை. நான்கு ஸ்ட்ரிங்குக்கும் சரியாக அடியில் வருகிற மாதிரி அதைச் செய்திருப்பார்கள். பழைய கிட்டாரிலிருந்து எடுத்த பிக்கப் என்றால் அந்தப் பொருத்தத்தை நாம்தான் பார்க்க வேண்டும். அந்தத் தம்பியின் பலகையில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் இரண்டு முனைகளில், நெக் முனையான நட்டிலிருந்து பாடி முனையான பிரிட்ஜ் வரை நான்கு நூல் இழுத்துக் கட்டி அளந்து பார்த்தோம். பிரிட்ஜில் ஸ்ட்ரிங்குக்கு ஸ்ட்ரிங் 19 மி.மீ., அதாவது ஈ, ஏ, டி, ஜி என்ற நான்கு ஸ்ட்ரிங்கில் ஈ முதல் ஜி வரை 57. நெக் பக்கம் போகப்போக அது குறுகி, 34 அங்குல ஸ்கேலில் (நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவில் உள்ள நீளம்) 20ஆம் ஃப்ரெட் (நெக்கில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) முடிகிற இடத்தில் ஏறக்குறைய 49. இரண்டு காயில் உள்ள கிட்டார் பிக்கப்பான ஹம்பக்கரில், ஸ்ட்ரிங்குக்கு ஒன்றாக இருக்கும் ஆறு ஸ்க்ரூவில் இரண்டு ஓர ஸ்க்ரூவுக்கும் நடுவில் இருப்பதும் 49, 50 மி.மீ.தான்! அதனால் ஃபிங்கர்போர்டு முடிகிற இடத்தை ஒட்டிக் குழி வெட்டினால் ஈயும் ஜியும் முதல் ஸ்க்ரூ, ஆறாவது ஸ்க்ரூ மேலே வந்து உட்கார்ந்துவிடும். நடுவில் ஏ, டி இரண்டும் கொஞ்சம் தள்ளி விழும், 3, 4ஆம் ஸ்க்ரூவுக்குச் சுமார் 3 மி.மீ. வெளியே. அந்த இரண்டு ஸ்க்ரூவையும் அரைச் சுற்று, முக்கால் சுற்று மேலே எடுத்து, சத்தம் நான்கிலும் ஒரே மாதிரி வருகிறதா என்று காதால் பார்த்து நிறுத்த வேண்டும். அதே பிக்கப்பைப் பிரிட்ஜ் பக்கம் வைத்தால் ஓரத்து ஸ்ட்ரிங்குகள் வெளியே போய் மெலிந்து கேட்கும். அங்கேதான் வேண்டும் என்றால் தனித்தனி ஸ்க்ரூ இல்லாமல் நீளமாக ஒரே இரும்புப் பட்டை வைத்த பிக்கப் தேடுங்கள்.

நெக் ஓரம் வைத்தால் சத்தம் உருண்டு திரண்டு வரும், விரல் பட்ட கூர்மை குறையும். எனக்குப் பிடிக்கும், எல்லாருக்கும் பிடிக்காது. அங்கே ஸ்ட்ரிங் அகலமாக ஆடும், பேஸ் ஸ்ட்ரிங்கில் இரும்பும் அதிகம், அதனால் பிக்கப்பை இறக்கியே வையுங்கள். கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்தால் அடியில் 3 மி.மீ.யாவது இருக்கட்டும். ரொம்ப நெருங்கினால் காந்தம் ஸ்ட்ரிங்கையே இழுக்கும், மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி நிற்காது.

இன்னொன்று, இரைச்சல். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். பேஸின் ஈ ஸ்ட்ரிங்கில் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி ஸ்வரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது ஒற்றைக் காயில் பிக்கப் பிடிக்கிற கரண்ட் இரைச்சல், பேஸ் வாசிக்கிற இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். கிட்டார்காரர் ஆம்பில் கீழ்ச் சத்தத்தைக் குறைத்துத் தப்பிக்கலாம், பேஸ்காரரால் முடியாது. மலையில் பழைய வீடுகளிலும் சின்னக் கோயில்களிலும் சர்ச்சுகளிலும் எர்த் சரியில்லாத இடம் நிறைய. எனவே இரைச்சலைத் தனக்குள்ளேயே அடக்கிக்கொள்ளும், இரண்டு காயில் உள்ள ஹம்பக்கரே நல்லது. கையில் இருப்பது ஒற்றைக் காயில் பிக்கப்கள்தான் என்றால், இரண்டை முகத்துக்கு முகம் காட்டிப் பாருங்கள். தள்ளினால் இரண்டும் ஒரே காந்தத் திசை. ஒட்டிக்கொண்டால் எதிர்த்திசை, அந்த ஜோடியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சேர்த்தால் இரைச்சல் அடங்கும். ஸ்ட்ரிங் சத்தம் கூடி, இரைச்சல் அடங்குகிற மாதிரி ஒயரை மாற்றிப் போட்டுப் பார்த்து, அப்புறம் ஈயம் வையுங்கள்.

கீழ் ஸ்வரம் வராது என்ற பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் சொல்கிறேன். பேஸைச் செய்து முடித்துவிட்டு, வீட்டில் பழக வைத்திருக்கும் சின்னக் கிட்டார் ஆம்பில் செருகுவார்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தள்ள முடியாது, சத்தத்தைக் கூட்டினால் பேப்பர் கிழியும். பழி பிக்கப் மேல் விழும். இல்லாவிட்டால் நேராக மிக்சரின் லைன் இன்புட்டில் செருகுவார்கள். அங்கே இருக்கும் மின்தடை 10 கிலோஓம் சுமாருக்கு, பிக்கப்புக்கு வேண்டியதோ 1 மெகாஓம் அளவுக்கு. சத்தம் கம்பளிக்குள் போட்டுச் சுற்றிய மாதிரி அமுங்கிவிடும். பல லட்சம் ரூபாய் பேஸாக இருந்தாலும், உள்ளே பேட்டரி வைத்த சர்க்யூட் இல்லையென்றால் அப்படித்தான் கேட்கும். நடுவில் ஒரு டிஐ பாக்ஸ் (பிக்கப்பையும் மிக்சரையும் பொருத்தித் தரும் சின்னப் பெட்டி) போட்டுவிட்டு அதே பேஸைக் கேட்டுப் பாருங்கள்.

பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் நெக். நான்கு பேஸ் ஸ்ட்ரிங் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ இழுக்கும், வளையாமல் தாங்க உள்ளே டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி இல்லாத நெக்கில் அதை ஏற்றவே ஏற்றாதீர்கள். மரமும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே பலகை எப்படி ஊறும் என்று ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஊரில் பேஸ் பிக்கப் எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை. மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூரில் அலைய வேண்டும், இல்லை ஆன்லைனில் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். விலையோ ஒரு எஸ்டேட் தொழிலாளி வீட்டுப் பையன் கேட்கத் தயங்குகிற விலை. ஆனால் நெக் உடைந்து பரண் மேல் கிடக்கும் எலெக்ட்ரிக் கிட்டார்கள் ஊட்டியிலும் குன்னூரிலும் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றின் பிக்கப் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். மல்டிமீட்டரை இரண்டு ஒயரிலும் வைத்தால் 6, 7, 8 கிலோஓம் என்று காட்டினால் காயில் நன்றாக இருக்கிறது, முள் அசையவே இல்லை என்றால் எங்கேயோ அறுந்திருக்கிறது.

எனவே அடுத்த ஞாயிறு இணைப்பில், அதே பக்கத்தில், அந்த வரியைத் திருத்திப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். சின்ன எழுத்தில் மூலையில் போட்டால் போதாது. அந்தக் கட்டுரையைப் படித்த பையன்கள் கண்ணில் படுகிற மாதிரி போடுங்கள், முடிந்தால் 49 மி.மீ. கணக்கையும் சேர்த்தே போடுங்கள்.

அன்புடன்,
ஆம்ப், ஸ்பீக்கர் ரிப்பேர் செய்யும் ஒரு வாசகர்
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்